28 பாகையில் ஒரு பட்டர் கேக்

ஐரோப்பியக் கேக் குறிப்புகளில் ஒரு வரி தவறாமல் வரும்: பட்டரை முன்கூட்டியே வெளியே எடுத்து வையுங்கள், அறையின் வெப்பநிலைக்கு வரட்டும். லண்டனிலோ ஆம்ஸ்டர்டாமிலோ அந்த அறை 20 பாகை செல்சியசை ஒட்டி இருக்கும். கொழும்பு மருதானையில், மாளிகாவத்தைத் தொடர்மாடி வீடொன்றின் குசினியில், ஏப்ரல் மாதத்து முற்பகலில் அது 30-ஐத் தாண்டிவிடும். கொழும்பின் ஆண்டுச் சராசரி 27-க்கும் 28-க்கும் இடையில் நிற்கிறது. குளிர்ந்த மாதத்தின் சராசரிக்கும் வெப்பமான மாதத்தின் சராசரிக்கும் உள்ள வித்தியாசமே இரண்டு பாகையளவுதான். குறிப்பில் சொன்னபடி பட்டரை வெளியே வைத்துவிட்டு வேறு வேலை பார்த்துத் திரும்பினால், கிண்ணத்தில் கிடப்பது மஞ்சள் களி. சீனியைக் கொட்டி எவ்வளவு நேரம் அடித்தாலும் அது வெளுக்காது, பொங்காது. கேக் தட்டையாக, எண்ணெய் கசிந்து, அடியில் ஒரு பசைப்படையோடு வெளியே வரும். பேக்கிங் பவுடர் பழசு என்போம், அவண் சரியில்லை என்போம். குற்றம் பெரும்பாலும் அந்தப் பத்துப் பாகையில் இருக்கிறது.

கொழும்புக் குசினிகளில் செய்யப்படும் இனிப்புகளை இந்தப் பத்துப் பாகையை வைத்தே இரண்டாகப் பிரித்துவிடலாம். பட்டர் கேக்கும் அதன் மூன்று நிற உறவான ரிப்பன் கேக்கும் குளிர்ந்த நாட்டின் பௌதிகத்தை நம்பியவை. அவற்றை இங்கே செய்யும்போது ஒரு துண்டுக் குளிரை நாமே உண்டாக்கித் தரவேண்டும். லவ் கேக், வட்டிலப்பம், பிபிக்கன் போன்றவை வெப்பத்தோடு ஒத்துப்போகின்றன. சில இடங்களில் வெப்பமே அவற்றுக்குத் துணை. கைப்பக்குவம் என்று நாம் புகழ்வதில் பெரும்பகுதி இந்த வேறுபாட்டை விரல்நுனியில் அறிந்து வைத்திருப்பதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை அளவுகளாகவும் சொல்ல முடியும்.

முதலில் பட்டர். அதன் எடையில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் கொழுப்பு, பதினாறளவு நீர். அந்தக் கொழுப்பு ஒற்றைப் பொருள் அல்ல. வெவ்வேறு வெப்பநிலைகளில் உருகும் நூற்றுக்கணக்கான மூலக்கூறு வகைகளின் கலவை அது. ஆகவே பட்டர் ஒரு குறிப்பிட்ட புள்ளியில் சட்டென்று உருகுவதில்லை, படிப்படியாகத் தளர்கிறது. பிரிட்ஜுக்குள், 5 பாகையில், கொழுப்பில் ஏறக்குறையப் பாதி திண்மப் படிகமாக இருக்கும். 20 பாகையில் ஐந்தில் ஒரு பங்கு. 30 பாகையில் இருபதில் ஒரு பங்கு மிஞ்சினால் அதிகம். கையில் பிடித்தால் கட்டி போலத் தோன்றும் பட்டரும் உள்ளே இந்தக் கணக்கில்தான் கரைந்துகொண்டிருக்கும்.

பட்டரையும் சீனியையும் சேர்த்து அடிக்கும்போது நடப்பது கலத்தல் மட்டுமல்ல. சீனி மணியின் கூரிய விளிம்பு கொழுப்பைக் கீறிக்கொண்டு போகையில் பின்னாலேயே காற்று உள்ளே இழுபடுகிறது. அப்படி நுழைந்த ஒவ்வொரு குமிழின் மேற்பரப்பிலும் நுண்ணிய கொழுப்புப் படிகங்கள் ஒட்டி நின்று அதைத் தாங்குகின்றன. படிகம் அதிகமாக இருந்தால் பட்டர் இறுகிக் கிடந்து காற்றை ஏற்க மறுக்கும். படிகம் இல்லாவிட்டால் காற்று நுழையும், ஆனால் தங்காது. இரண்டுக்கும் நடுவே, 18-இலிருந்து 21 பாகை வரை, ஒரு குறுகிய இடைவெளி உண்டு. பட்டர் வெளிறி, இலேசாகி, அளவில் பெருகுவது அந்த இடைவெளியில் மட்டும். ‘பட்டர் கேக் அடிக்கிறது’ என்று நம்மவர்கள் சொல்வது மிகப் பொருத்தம். அந்தக் கேக்கின் வெற்றியில் பெரும்பங்கு அடிக்கும் அந்தப் பத்து நிமிடங்களிலேயே முடிவாகிவிடுகிறது.

சீனி மணியின் அளவும் இதில் சேர்த்தி. இலங்கைக் கடைகளில் கிடைக்கும் சீனி பெரும்பாலும் பருமணி. பருமணியில் விளிம்புகள் குறைவு, குமிழ்களும் குறைவு. பிளெண்டரில் சில விநாடிகள் சுற்றி எடுத்தால் போதும்; அதே எடைச் சீனியில் பல மடங்கு விளிம்புகள் பிறக்கும். மாவாகும்வரை அரைத்துவிடக் கூடாது. ஐசிங் சீனியளவு நுண்மையாகிவிட்டால் துகள்கள் கொழுப்பைக் கீறும் வலுவை இழந்து அதற்குள் புதைந்துபோகும்.

இந்தக் குமிழ்கள் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கு 1944-ஆம் ஆண்டு ஒரு தெளிவான விடை கிடைத்தது. கார்லின் என்ற அமெரிக்க ஆய்வாளர் கேக் கலவையை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து மெல்லச் சூடாக்கிப் பார்த்தார். கொழுப்பு உருகியதும் அதற்குள் சிறைப்பட்டிருந்த குமிழ்கள் முட்டையும் மாவும் கலந்த நீர்ப்பகுதிக்குள் விடுபட்டன. பிறகு அவை பெருத்தன. ஆனால் சூடு ஏறியபோது புதிதாக ஒரு குமிழும் தோன்றவில்லை. பேக்கிங் பவுடர் தரும் காபனீரொட்சைட்டும் கொதிக்கத் தொடங்கும் நீரின் ஆவியும் ஏற்கெனவே இருந்த குமிழ்களுக்குள்தான் போய்ச் சேர்ந்தன. நீங்கள் கிண்ணத்தில் அடித்து உண்டாக்காத குமிழை எந்த அவணும் எந்தப் பவுடரும் உண்டாக்கித் தரப் போவதில்லை. கேக் எழும்பாவிட்டால் அடுத்த தடவை பேக்கிங் பவுடரைக் கூட்டிப் போடும் பழக்கம் நம் வீடுகளில் பரவலாக உண்டு. அப்படிச் செய்தால் இருக்கும் கொஞ்சக் குமிழ்களும் அளவுக்கு மீறி ஊதி, ஒன்றோடொன்று சேர்ந்து, மேலே வந்து உடையும். கேக் நடுவில் குழியும்.

கணக்கையும் பார்த்துவிடலாம். 28 பாகையில் உள்ள காற்றை 100 பாகைக்குச் சூடாக்கினால் அதன் கனவளவு நாலில் ஒரு பங்கு மட்டுமே கூடும். ஒரு கேக் அவ்வளவா எழும்புகிறது? அதைவிட மிக அதிகம். மிச்சத்தைத் தருவது பெரும்பாலும் நீராவி. 90 பாகையில் குமிழுக்குள் இருக்கும் வாயுவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நீராவிதான். பேக்கிங் பவுடர் இல்லாத காலத்திலும் கேக் இருந்தது என்பதை இந்த எண் விளக்கிவிடும்.

பேக்கிங் பவுடர் அவ்வளவு பழையதல்ல. பர்மிங்ஹாமில் மருந்துக்கடை நடத்திய அல்பிரட் பேர்ட் 1843-இல் அதைக் கலந்தார். அவருடைய மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாதிருந்தது. சோடியம் இருகாபனேற்று, ஓர் உலர்ந்த அமிலம், இரண்டையும் பிரித்து வைக்க மாப்பொருள்: உள்ளடக்கம் இன்றும் இந்த மூன்றுதான். நீர் பட்டதும் அமிலமும் இருகாபனேற்றும் சேர்ந்து காபனீரொட்சைட்டை வெளியிடுகின்றன. கொழும்பில் சிக்கல் என்னவென்றால், காற்றிலேயே அந்த நீர் இருக்கிறது. இங்கே ஈரப்பதன் நாளின் பெரும்பகுதியில் நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல். இரவில் தொண்ணூறைத் தொடும். மூடி இறுகாத டப்பாவில் பவுடர் தானாகவே மெல்ல வினைபுரிந்து தீர்ந்துபோகும். ஒரு தேக்கரண்டியை அரைக் கோப்பைச் சுடுநீரில் போட்டுப் பாருங்கள். சீறிப் பொங்கினால் உயிரோடு இருக்கிறது. சோம்பலாக நாலு குமிழ் விட்டால் வேறு வாங்கவேண்டியதுதான். புறக்கோட்டை நான்காம் குறுக்குத்தெருவில் மொத்தமாக மலிவாகக் கிடைக்கிறது என்று ஆண்டுக்கணக்குக்கு வாங்கி வைப்பது இந்த ஒரு பொருளில் இலாபமில்லை.

பட்டரைக் குளிரில் நிறுத்துவது எப்படி? எளிய வழிகளே போதும். பட்டரைத் துண்டு துண்டாக வெட்டிக் கிண்ணத்தில் போட்டு, விரலால் அழுத்தினால் தடம் பதிய வேண்டும், விரல் வழுக்கக் கூடாது என்ற நிலையில் அடிக்கத் தொடங்குங்கள். கொழும்பில் பிரிட்ஜிலிருந்து எடுத்த துண்டுகளுக்குப் பத்து, பதினைந்து நிமிடங்களில் அந்த நிலை வந்துவிடும். சீனியையும் முன்னிரவே பிரிட்ஜில் வைத்துவிடலாம். பீட்டரின் உராய்வும் சூடு தரும் என்பதால், அடிக்கும் கிண்ணத்தை இன்னொரு பாத்திரத்துக் குளிர்நீரில் நிறுத்துவது நல்லது. பட்டருக்குப் பதில் மாஜரின் போடுவது நம் வீடுகளில் வறுமையின் அடையாளமாகப் பேசப்படுவதுண்டு. பௌதிகத்தின் பார்வையில் அது நியாயமில்லை. மாஜரினின் கொழுப்புக் கலவையை ஆலையில் வேண்டியபடி அமைக்கலாம். 28 பாகையிலும் படிகம் தாங்கும்படி செய்யப்பட்டவை உண்டு. பாதி பட்டர், பாதி மாஜரின் என்று கலப்பவர்கள் பட்டரின் வாசனையையும் மாஜரினின் உறுதியையும் ஒருசேரப் பெறுகிறார்கள். சுவையில் எனக்கு முழுப் பட்டர்தான் பிடிக்கும். ஆனால் பிறந்தநாள் கேக்கின் மேலே பூசும் பட்டர் ஐசிங் பிற்பகல் மூன்று மணிக்கு வழியாமல் நிற்கவேண்டுமென்றால் மாஜரினின் பக்கம்தான் சாய்வேன்.

மாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. இறக்குமதியான கோதுமையில் பெரும்பகுதி திருகோணமலை சீனக்குடாவில் உள்ள பிரிமா ஆலையில் அரைபட்டு வருகிறது. பாணுக்கும் பராட்டாவுக்கும் ரொட்டிக்கும் ஒரே மா என்பதால், நமக்குக் கிடைக்கும் மா கேக்குக்குச் சற்று வலுவானது. அதில் உள்ள குளூட்டன் புரதம் நீரோடு சேர்ந்து பிசைபட்டால் இழுபடும் வலையாகிவிடும். பாணுக்கு அது வேண்டும், கேக்குக்கு வேண்டாம். ஒரு கோப்பை மாவில் இரண்டு மேசைக்கரண்டியை எடுத்துவிட்டு, அதே அளவு கோன்பிளவரைச் சேர்த்து இரண்டு தரம் அரித்தால் புரதத்தின் பங்கு குறையும். மா விழுந்த பிறகு பீட்டரை நிறுத்திவிட்டு அகப்பையால் மடித்துக் கலந்தால் போதும்.

சீனியைக் குறைப்பதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீரிழிவு இல்லாத குடும்பம் கொழும்பில் அரிதாகி வருகிறது. சீனி இனிப்புக்கு மட்டும் என்று எண்ணி அதைப் பாதியாக்குபவர்களுக்கு வறண்ட, தாழ்ந்த கேக் கிடைக்கும். கோதுமையின் மாப்பொருள் வெறும் நீரில் 60 பாகையை ஒட்டிக் களியாகத் தொடங்கிவிடும். சீனி கரைந்த நீரில் அது 80-ஐயும் தாண்டிப் பின்தள்ளப்படும். முட்டைப் புரதம் உறைவதும் அதேபோலத் தாமதமாகும். அந்தத் தாமதத்தில்தான் குமிழ்கள் பெருக நேரம் கிடைக்கிறது. சீனி குறைந்தால் கேக் முன்கூட்டியே இறுகிவிடும். குமிழ்கள் பாதி வளர்ச்சியில் சிறைப்படும். பழைய பட்டர் கேக் அளவு நாலும் ஒரு றாத்தல்: பட்டர், சீனி, மா, முட்டை. சீனியில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் கட்டமைப்பு பெரிதாகக் கெடாது. அதற்கு மேல் குறைக்க விரும்பினால் சின்னத் துண்டாக வெட்டிச் சாப்பிடுவதே புத்திசாலித்தனம்.

இனி முட்டைக்கு வருவோம். வெப்பம் பட்டரைப் பலவீனப்படுத்துவதுபோல முட்டையைப் பலவீனப்படுத்துவதில்லை. மாறாக, முட்டை குளிராக இருக்கும்போது அதன் திரவம் தடித்து நுரைக்க மறுக்கிறது. இளஞ்சூட்டில் புரதங்கள் எளிதாக விரிந்து குமிழ்களைச் சுற்றி அமர்கின்றன. பட்டரே இல்லாத ஸ்பொன்ஜ் கேக் செய்யும் ஐரோப்பியச் சமையற்காரர்கள் முட்டையையும் சீனியையும் சுடுநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து 40 பாகையளவுக்குச் சூடேற்றி அடிப்பார்கள். மருதானையில் கடை மேசையில் அட்டையோடு அடுக்கி வைத்த முட்டையில் அந்தச் சூட்டின் கணிசமான பகுதி ஏற்கெனவே இருக்கிறது.

லவ் கேக் நிற்பது இந்த முட்டையின் மேல்தான். போர்த்துக்கேயர் வழி வந்ததாகக் கருதப்படும் இந்தக் கேக், பறங்கியர் வீடுகளில் வளர்ந்து, பின்னர் இனம் மதம் பாராமல் எல்லாருடைய மேசைக்கும் வந்துவிட்டது. நத்தாருக்கும் வருகிறது, பெருநாளுக்கும் வருகிறது. ஹில்டா டியூட்ரோம் தொகுத்து 1929-இல் வெளிவந்த ‘சிலோன் டெய்லி நியூஸ் குக்கரி புக்’ போன்ற நூல்கள் இத்தகைய வீட்டுச் செய்முறைகளை எழுத்துக்குக் கொண்டுவந்தன. அளவு வீட்டுக்கு வீடு மாறும். ரவை கால் கிலோ, பட்டர் கால் கிலோ, சீனி அரைக் கிலோ, கஜு கால் கிலோவுக்குக் குறையாமல், மஞ்சட்கருக்கள் பத்துப் பன்னிரண்டு, தேன், பன்னீர், ஏலக்காய், சாதிக்காய், தேசிக்காய்த் தோலின் துருவல், நீற்றுப்பூசணித் தோசி என்று வைத்துக்கொண்டால் பெரிய பிழை இராது.

இதில் பட்டரின் வேலையைக் கவனியுங்கள். காற்றைப் பிடிக்கும் பொறுப்பு அதற்கு இல்லை. இலேசாக வறுத்த ரவையில் பட்டரைச் சேர்த்துப் பிசைந்து ஊற வைத்துவிடுகிறார்கள். பட்டர் அரைகுறையாக உருகிக் கிடந்தால் நல்லது. ரவைத் துகள்களின் இடுக்குகளுக்குள் அது ஊறிப்போகும். காற்று வேறு கிண்ணத்தில், மஞ்சட்கருவையும் சீனியையும் அடிக்கும்போது சேர்கிறது. மஞ்சட்கருவில் உள்ள லெசித்தின், கொழுப்பையும் நீரையும் பிரியவிடாமல் கட்டிப் போடுகிறது. இறுதியில் நுரைக்க அடித்த வெள்ளைக்கரு கொஞ்சம் மடித்துச் சேர்க்கப்படுகிறது. 20 பாகை எந்தக் கட்டத்திலும் தேவைப்படவில்லை. ரவையும் ஒரு சாமர்த்தியமான தெரிவு. மாவைவிடப் பருமனான அந்தத் துகள் நீரை மெதுவாகவே உள்ளே விடுவதால் குளூட்டன் வலை உருவாக வாய்ப்புக் குறைவு. எவ்வளவு கலந்தாலும் இழுபடாது. நூற்றாண்டுகளாகக் கைமாறி வந்த ஒரு செய்முறை இந்த மண்ணின் வெப்பத்துக்கு ஏற்றபடி இழைந்துபோயிருப்பதைப் பார்க்கையில் எனக்கு உண்மையான மரியாதை உண்டாகிறது. வெப்பமானி இல்லாமல், கெட்டுப்போன தட்டுகளிலிருந்து கற்றுக்கொண்ட பெண்கள் செய்த ஆய்வு அது.

லவ் கேக்கின் உள்ளீரம் நாட்கணக்கில் காய்வதில்லை. காரணம், சீனி நீரைக் கட்டிவைத்திருக்கிறது. சுக்குரோசு, அதாவது சாதாரணச் சீனி, காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 85 அளவை எட்டும்போதுதான் நீரை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். தேனில் நிறைந்துள்ள பிரற்றோசுக்கு 62 அளவே போதும். கொழும்புக் காற்று அநேகமாக எப்போதும் அந்த இரண்டாவது எல்லைக்கு மேலேதான். ஆகவே தேன் கலந்த கேக் இங்கே காற்றிடம் நீரை இழப்பதில்லை. அந்த நீரும் சீனியால் பிணைக்கப்பட்டிருப்பதால் பக்டீரியாக்களுக்குக் கிடைப்பதில்லை. இதே காற்றில் மெரிங் செய்து பாருங்கள்: வெள்ளைக்கருவும் சீனியும் மட்டும் சேர்ந்த அந்த மொறுமொறுப்பு, மழை நாளில் தட்டிலேயே கண்ணீர் விட்டு ஒட்டத் தொடங்கும். கொழும்பில் மொறுமொறுப்பைத் தேடுபவர் காற்றுப் புகாத டப்பாவோடு இருக்க வேண்டும். ஈரமான இனிப்பைத் தேடுபவருக்கு ஊரே துணை.

வீட்டுக்கு வீடு அவண் வந்தது அண்மைக் காலத்தில்தான். அதற்கு முன் நத்தார்க் கேக் தட்டுகள் தெருமுனைப் பேக்கரியின் போறணைக்குப் போயின. அதிலும் ஒரு பௌதிகம் இருக்கிறது. விறகு எரித்துச் சூடேறிய செங்கற்சுவர், நெருப்பை வாரி வெளியே எடுத்த பிறகும் மணிக்கணக்கில் வெப்பத்தைக் கதிர்வீசிக்கொண்டிருக்கும். மெல்ல மெல்லத் தணியும். கடும் சூட்டில் பாண் வெந்து முடிந்தபின், தணிந்த சூட்டில் கேக் உள்ளே போகும். லவ் கேக்குக்கு 150 பாகையளவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தேவை. தணிந்துவரும் செங்கல் அதற்குக் கச்சிதம். பேக்கரி கிட்டாத இடத்தில் சட்டிக்கு அடியிலும் மூடியின் மேலும் சிரட்டைத் தணல் போட்டார்கள். தேங்காய்ப்பூவும் கித்துள் பாணியும் சேர்ந்த பிபிக்கன் அப்படித்தான் வெந்தது. அடியிலிருந்து கடத்தல், மேலிருந்து கதிர்வீசல். இரண்டும் இல்லாவிட்டால் மேற்பரப்புப் பொன்னிறமாகாது.

பொன்னிறம் என்பது நீர் விலகிய இடத்தில் மட்டும் நிகழ்வது. அவணை 180-இல் வைத்தாலும் கேக்கின் நடுப்பகுதி 100 பாகையைத் தாண்டுவதில்லை. உள்ளே நீர் இருக்கும்வரை அதன் கொதிநிலையே உச்சவரம்பு. வெந்த பட்டர் கேக்கின் நடுவில் வெப்பமானியைச் செருகினால் 96, 98 என்று காட்டும். விளிம்பும் மேற்பரப்பும் காய்ந்தபின் 140-ஐத் தாண்டுகின்றன. அங்கே சீனிவகைகளும் அமினோ அமிலங்களும் சேர்ந்து பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான வாசனைகளையும் பிறப்பிக்கின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மயார் 1912-இல் விவரித்த வினை அது. நாம் கேக்கின் நடுவில் குத்திப் பார்க்கும் தென்னை ஈர்க்கு ஒட்டாமல் வந்தால், அந்த இடத்தில் மாப்பொருளும் முட்டையும் தத்தம் வெப்பநிலையைக் கடந்து இறுகிவிட்டன என்று பொருள்.

மருதானையில் இனிப்பைப் பற்றி எழுதிவிட்டு வட்டிலப்பத்தைச் சொல்லாமல் போனால் அங்கே யாரும் மன்னிக்க மாட்டார்கள். 1892-இல் தொடங்கிய ஸாஹிராக் கல்லூரியும் அதை ஒட்டிய பள்ளிவாசலும் உள்ள இந்தப் பகுதியில் நோன்புப் பெருநாள் காலையில் வட்டிலப்பம் இல்லாத வீடு அரிது. ஒல்லாந்தர் காலத்தில் வந்த மலாயர்கள் கொண்டுவந்தது என்பது பரவலான கருத்து. மலாய்த் தீவுகளில் முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை சேர்த்துச் செய்யும் ‘ஸ்ரீகாயா’ அதற்கு நெருங்கிய உறவு. கித்துள் கருப்பட்டியைத் தடித்த தேங்காய்ப்பாலில் கரைத்து, வடித்து, அடித்த முட்டையோடு சேர்த்து, ஏலக்காய் போட்டு, மேலே கஜு தூவி ஆவியில் அவிப்பார்கள். மாவும் இல்லை, பட்டரும் இல்லை.

முட்டையை வெறும் நீரில் கலந்து சூடாக்கினால் அது ஒழுங்காகக் கட்டியாகாது. கரைசலில் உப்புகள் வேண்டும். அவை உறையும் புரதங்களின் மின்னேற்றங்களை மட்டுப்படுத்தி, அவற்றை ஒன்றையொன்று நெருங்கவிடுகின்றன. கருப்பட்டியின் கனியங்களும் தேங்காய்ப்பாலின் கனியங்களும் அந்த வேலையைச் செய்கின்றன. சீனியைப் பாகு காய்ச்சிக் கலந்த போலிக் கருப்பட்டி சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது. அதில் செய்த வட்டிலப்பம் நிறத்தில் மட்டுமல்ல, கட்டியாவதிலும் பின்தங்குவதற்கு இது ஒரு காரணம். தேங்காய்ப்பாலின் கொழுப்பான தேங்காய் எண்ணெய் 24 பாகையில் உருகும். கொழும்புக் குசினியில் அது எப்போதும் திரவம், ஆகவே அவித்து ஆறிய வட்டிலப்பம் நாக்கில் மெதுவாக இருக்கும். பிரிட்ஜில் வைத்தால் கொழுப்பு இறுகி, அடுத்த நாள் கத்தியால் வெட்டும் அளவுக்குத் திடமாகும். இரண்டு பதத்துக்கும் இரசிகர்கள் உண்டு.

ஆவி ஏன்? 180 பாகை அவணுக்குள் கையை ஒரு விநாடி நீட்டினால் சூடு தெரியும், அவ்வளவுதான். 100 பாகை ஆவியில் அதே கையை நீட்டினால் கொப்புளிக்கும். ஒரு கிராம் ஆவி ஒடுங்கி நீராகும்போது 2260 யூல் அளவு மறைவெப்பத்தை வெளியிடுகிறது. அதைக் கொண்டு அரை லீற்றருக்கு மேற்பட்ட நீரை ஒரு பாகை சூடாக்கலாம். அந்த வேகத்தோடு, 100 பாகைக்கு மேல் போகாத கட்டுப்பாடும் ஆவிக்கு உண்டு. இனிப்புச் சேர்ந்த முட்டைக் கலவை 80-ஐத் தாண்டிக் கட்டியாகும். 90-ஐத் தாண்டினால் புரதவலை இறுகி நீரைப் பிழிந்து வெளியேற்றும். மூன்று விரற்கடை கொதிநீரை மெல்லிய தீயில் வைப்பவர்களுக்கு வழுவழுப்பான வட்டிலப்பம் கிடைக்கும். தீயைக் கூட்டுபவர்களுக்குத் துளைகள் கிடைக்கும்: கரைந்திருந்த வாயுவும் நீராவியும் வெளியேறும் நேரத்தில் சுற்றிலும் புரதம் இறுகிவிட, அந்தக் குமிழ்கள் அப்படியே நின்றுவிடுகின்றன. துளை விழுந்தால்தான் நல்ல வட்டிலப்பம் என்று ஒரு கட்சி, விழக்கூடாது என்று ஒரு கட்சி. தீயின் அளவைக் கேட்டால் யார் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும். பாத்திரத்தின் மூடியில் துணி கட்டுவதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் உடன்பாடு. ஒடுங்கிய நீர் சொட்டி மேற்பரப்பில் குழி பறிப்பதை அது தடுக்கிறது.

2022-இன் பொருளாதார நெருக்கடியில் எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற மாதங்களும், மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் போன நாட்களும் இந்தக் குசினிகளை ஒரு நூற்றாண்டு பின்னே தள்ளின. மின் அவணும் பீட்டரும் பிரிட்ஜும் ஒன்றாக நின்றுபோனபோது முதலில் கைவிடப்பட வேண்டியது பட்டர் கேக்தான்; அதற்குத் தேவையான குளிரும் இயந்திரமும் போய்விட்டன. விறகோ மண்ணெண்ணெயோ இருந்தால் வட்டிலப்பம் சாத்தியம். ஆனால் முட்டையும் விலையேறியது. 2023 மார்ச்சில் பேக்கரித் தொழிலுக்காக இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை வந்தது. பன்னிரண்டு மஞ்சட்கரு கேட்கும் கேக் அந்த ஆண்டுகளில் எத்தனையோ வீடுகளில் எட்டோடும் ஆறோடும் ஒப்பேறியது.

உயரமும் கணக்கில் வரும். மருதானை நிலையத்தைத் தாண்டிப் போகும் மலையக ரயிலில் ஏறி, நானுஓயாவில் இறங்கி நுவரெலியாவுக்குப் போனால், 1868 மீற்றர் உயரத்தில் நீர் 94 பாகையளவிலேயே கொதிக்கும். அங்கே ஆவியில் அவியும் வட்டிலப்பத்துக்கு ஆறு பாகை குறைவு; நேரம் கூடும், துளைகள் குறையும். காற்றழுத்தம் குறைவதால் கேக்கின் குமிழ்கள் அதிகம் ஊதும். பேக்கிங் பவுடரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பட்டரைப் பற்றி மட்டும் அங்கே கவலையே இல்லை. நுவரெலியாக் குசினியின் மேசையில் வைத்த பட்டர், ஐரோப்பியக் குறிப்பு எதிர்பார்க்கும் இடத்துக்கு அருகில் தானாகவே வந்து நிற்கும்.

மருதானையில் இருப்பவர்கள் இதைச் சோதித்துப் பார்க்க ஒரு பட்டர் கேக்குக்கான பொருட்களே போதும். கால் கிலோ பட்டரை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை முன்னிரவே மேசையில் வைத்துவிடுங்கள். மற்றதைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து, விரல் தடம் பதியும் பதத்தில், கிண்ணத்தைக் குளிர்நீரில் நிறுத்தி அடியுங்கள். இரண்டுக்கும் ஒரே அளவு சீனி, ஒரே நேரம். அடித்து முடிந்ததும், முட்டை சேர்க்கும் முன், ஒரே சின்னக் கோப்பையை இரண்டிலும் மாறி மாறித் தலைதட்டி நிரப்பித் தராசில் வையுங்கள். எடை குறைந்த கோப்பையில் காற்று அதிகம். பிறகு முட்டையும் மாவும் இரண்டுக்கும் சமமாகச் சேர்த்து, ஒரே அளவான இரண்டு தட்டுகளில் ஊற்றி, ஒரே அவணில் அருகருகே வைத்துச் சுடுங்கள். ஆறியதும் நடுவில் வெட்டி, அடிமட்டத்தால் உயரத்தை அளந்து, குசினியின் வெப்பநிலையையும் கோப்பைகளின் எடையையும் அதே தாளில் குறித்து வையுங்கள். பிள்ளைகள் வீட்டில் இருந்தால், வெட்டிய முகத்தில் உள்ள துளைகளைக் கைக்கண்ணாடியால் பார்த்து எந்தத் துண்டு எதுவென்று அவர்களே சொல்லட்டும், பிறகு சாப்பிடலாம்.